மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்

சென்னை அடையாறில் டிபி எல்லாம் ஏது என்று கேட்கிற வீட்டில், வேலை செய்யும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கும். அவர் இருமினால் டம்ளர் பின்கட்டுக்குப் போய்விடும். காசநோய் டம்ளரில் ஒட்டாது. இருமும்போதும் பேசும்போதும் வெளியேறும் நுண்துளிகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சில் இழுத்தவருக்குத் தொற்றும். ஜன்னலைத் திறந்து வைத்தாலே ஆபத்து வெகுவாகக் குறையும். எங்கே திறப்பது, ஏசி ஓடுகிறதே! அந்த ஏசி அறையில் இருமுகிற வீட்டுக்காரர் அந்த அம்மாவுக்குத் தொற்றவைத்திருக்கவும் கூடும். வீட்டுக்காரரின் டம்ளரை யாரும் நகர்த்துவதில்லை.

அந்த அம்மா பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெயர்த்து அங்கே அடுக்கினார்கள். ஆறு சுத்தமாகவில்லை. குடும்பம் மொத்தமும் ஒரே அறையில் படுத்து ஒரே காற்றை மூச்சிழுக்கிறது.

இருமல் மூன்று வாரமானாலும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மெடிக்கல் ஷாப்பில், "அண்ணே, இருமலுக்கு ஏதாவது குடுங்க." லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், ஐந்து மாத்திரை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து விதி. பதிவேடு இருக்கிறது. பெயர்தான் இல்லை.

இருமல் கொஞ்சம் அடங்கும். நுரையீரலில் கோடிக்கணக்கில் கிடக்கும் கிருமிகளுக்குள், அந்த மருந்துக்குச் சாகாதவை ஒன்றிரண்டு முன்பே பிறந்திருக்கும். ஒற்றை மருந்து மற்றவற்றைக் கொன்று, அவற்றுக்கு வீட்டைக் காலி செய்து கொடுக்கிறது. நாலு மருந்தைச் சேர்த்துத் தொடங்கி ஆறு மாதம் விடாமல் கொடுப்பது இதற்காகத்தான். விட்டு விட்டுத் தின்றால், தப்பியது பெருகும். அடுத்தவருக்குப் போகும்போதே மருந்து கேட்காத நோயாகப் போகும்.

மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்று உலகத்துக்குக் காட்டிய ஊரே இதுதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 1959இல் ஆய்வை வெளியிட்டது: சானடோரியம் படுக்கை தேவையில்லை, வீட்டிலிருந்தே குணமாகலாம். அதைப் படித்த நாடுகள் சானடோரியங்களை மூடின. நிபந்தனை ஒன்றே ஒன்று. மருந்து இருக்க வேண்டும்.

2023 செப்டம்பரில், மருந்துத் தட்டுப்பாடு என்று செய்தி வந்தது. பொய் என்றது மத்திய சுகாதார அமைச்சகம். 2024 மார்ச் 18 அன்று அதே அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் போட்டது: சப்ளை தாமதமாகலாம், மூன்று மாதத்துக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் நோயாளி கடையில் வாங்கட்டும், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஆறாவது நாள் உலகக் காசநோய் தினம். மேடை, மைக், பொன்னாடை. "மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்." யாருக்கு ஐயா சொல்கிறீர்கள்?

காசநோயை ஒழிக்க உலகம் 2030 என்று கெடு வைத்தது. நாம் 2025 என்றோம். 2018இல் பிரதமரே அறிவித்தார். 2015உடன் ஒப்பிட்டால் புதிய நோயாளிகள் 80 சதவீதம் குறைய வேண்டும். 2024 வரை குறைந்தது 21 சதவீதம்தான். உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இன்றும் நம்மவர். சத்தாகச் சாப்பிட மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரில் 1000 ஆக்கினார்கள். நாளைக்கு 33 ரூபாய். எல்.பி. ரோட்டில் நல்ல ஓட்டலில் ஒரு காபிக்குக் கையிலிருந்து போட வேண்டும்.

நோயாளி மாத்திரையைத் தவறவிட்டால் போன் வருகிறது, வீட்டுக்கே ஆள் வருகிறது, பொறுப்பில்லாதவர் என்று பெயர் வருகிறது. மூன்று மாதச் சரக்கைத் தவறவிட்டவரின் வீட்டுக்கு எந்த ஆள் போனார்?