காய்க்காத மரத்துக்காரர்

"ஏனுங்க, இதுல என்னங்க காய்க்கும்?"

கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம் எங்கள் தெருவில் இத்தனை வருடங்களில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். பால்காரர் கேட்டார். சிலிண்டர் போட வந்தவர் கேட்டார். ஓட்டுக் கேட்க வந்த மூன்று கட்சிக்காரர்களும், கொள்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே குரலில் இதையே கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் கேட்டுக்கு உள்ளே, கையில் ஓஸ் பைப்போடு நிற்பார்.

"ஒண்ணும் காய்க்காதுங்க."

"அப்புறம் எதுக்குங்க வெச்சீங்க?"

"பார்க்கறதுக்குங்க."

கேட்டவர் மரத்தைப் பார்ப்பார். பிறகு அவரைப் பார்ப்பார். குரலைத் தாழ்த்தி, "வீட்ல அம்மா சௌக்கியமுங்களா?" என்று விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

நம் ஊரில் வீட்டு வாசலில் நிற்கிற மரம் சும்மா நிற்கக் கூடாது. தென்னை என்றால் சட்னிக்கு, வாழை என்றால் இலைக்கு, கறிவேப்பிலை என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பறித்துக்கொண்டு போவதற்கு. வேம்புகூட அம்மை போட்டால் வேலைக்கு வந்துவிடும். வேலை வெட்டி இல்லாமல் அழகாக மட்டும் நிற்பேன் என்று ஒரு மரம் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வையில்தான் ஊர் அதைப் பார்க்கும். இந்த நாட்டு வழக்கத்தை எதிர்த்துத் தனி ஆளாகக் கிளம்புகிற மனிதர் ஒருவர் இப்போதெல்லாம் தெருவுக்குத் தெரு தட்டுப்படுகிறார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல், பென்ஷன் உண்டு, பிள்ளைகள் வெளியூரில். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் வெள்ளி சார்.

வெள்ளி சார் மின்சாரத் துறையில் பொறியாளராக இருந்தவர். 34 வருட சர்வீஸில், கம்பிக்கு அடியில் தலை நீட்டிய எந்தக் கிளையையும் அவர் உயிரோடு விட்டதில்லை. வேப்பங்கிளை, புங்கங்கிளை என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு ஓய்வுபெற்ற மறு வருடம், பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், ஜெயநகரில் மரக்காதல் பிடித்துவிட்டது. சாலையோரம் முழுக்கச் சின்னச் சின்ன மரங்கள். ஒரு காம்பில் ஐந்து, ஏழு என்று விரல் விரித்த கைபோல இலைகள். அத்தனையும் சாம்பல் பூசிய வெள்ளி நிறம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர், மகள் வாங்கி வரச் சொன்ன கொத்தமல்லியை மறந்துவிட்டுத் திரும்பினார்.

பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார்: டபெபுயா அர்ஜென்ட்டியா. தென் அமெரிக்க மரம். லத்தீனில் அர்ஜென்ட்டம் என்றால் வெள்ளி. ஊருக்கு வந்து நர்சரி நர்சரியாக அலைந்தார். கடைசியில் ஆந்திராவில் கடியம் நாற்றங்கால்களிலிருந்து லாரியில் வந்த சரக்கில் ஆறடிக் கன்று ஒன்று கிடைத்தது. பேரம் பேசாமல் வாங்கினார். கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர் ஆயிற்றே என்று அவர் மனைவிக்கு அன்றே வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மாள் அதே இடத்தில் முருங்கை வைக்க வேண்டும் என்று நான்கு வருடமாகச் சொல்லிவந்தவர் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஸ்கேல் வைத்து. செம்மண், மணல், தொழு உரம் சம பங்கு. ஒரு தகரத்தில் பெயரை எழுதி, 350 ரூபாய்க்கு ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு வெள்ளிப் பெயிண்ட் அடித்து மாட்டினார். இந்தச் சாதி மரத்துக்கு நேராக நிற்கிற வழக்கம் கிடையாது. எந்தப் பக்கமாவது சாய்ந்து கோணிக்கொண்டுதான் வளரும். வேரும் அத்தனை பிடிமானமில்லை, ஆடிக்காற்றுக்கு ஆட்டம் காணும். அதனால் மூங்கிலில் முட்டுக் கொடுத்து, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார். இவரும் கேட்டில் சாய்ந்தபடிதான் நாள் முழுக்க நிற்பார். "ரெண்டும் ஒரே மாதிரி சாஞ்சுக்கிட்டு நிக்குது. அதுக்காவது முட்டு இருக்குது" என்பார் அந்த அம்மாள்.

வெள்ளி சாரின் வீட்டுக்கு நீங்கள் எந்த வேலையாகப் போனாலும் மரத்தைச் சுற்றாமல் உள்ளே போக முடியாது. பத்திரிகை வைக்கப் போனவர்களும் சுற்றியிருக்கிறார்கள். இலையின் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன, அவைதான் வெயிலைத் திருப்பி அடித்து ஈரத்தைக் காக்கின்றன என்று இலையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். பட்டையைத் தொடச் சொல்வார். தக்கை மாதிரி வெடித்திருக்கும். பிரேசில் புல்வெளிகளில் தீப்பிடித்தால் உள்ளே சூடு ஏறாமல் இருக்க அந்த ஏற்பாடு. வடவள்ளியில் புல்வெளித் தீ எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தி வந்த கதையைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. சம்பந்தி நூறு தென்னைக்குச் சொந்தக்காரர். 2016-ல் பொள்ளாச்சித் தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ வந்து இறங்கியதிலிருந்து அவருக்குப் பூமியில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் நடுக்கம். அந்த ஈ ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டை வைக்கும், மாவு பூசினாற்போல் வெளுக்கும், பிறகு அதன் கழிவுத் தேன் சொட்டி ஓலை கறுத்துப் போகும். இதையெல்லாம் அனுபவித்தவர், சாயங்கால வெளிச்சத்தில் காரை விட்டு இறங்கி, மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, முழுசா அடிச்சிருச்சுங்களே!"

இலையே அப்படித்தான் என்று வெள்ளி சார் அரைமணி நேரம் விளக்கினார். சம்பந்தி தலையை ஆட்டிக் கேட்டார். நோய் முற்றிய மாட்டை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். விடிகாலை நாலரைக்கு எழுந்தார். காரில் எப்போதும் இருக்கும் மஞ்சள் தாளை எடுத்து, சமையலறையிலிருந்து விளக்கெண்ணெய் தடவி, கிளைக்கு ஒன்றாகப் பதினோரு பூச்சிப்பொறி கட்டினார். வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்து, மிச்சமில்லாமல் மரம் முழுக்க அடித்தார். வெள்ளி சார் காப்பி டம்ளரோடு வெளியே வந்தபோது, மரம் எண்ணெய் தேய்த்துக்கொண்ட தீபாவளிக் குழந்தை மாதிரிப் பச்சையாய்ப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"பாருங்க, வெள்ளையெல்லாம் போயிருச்சு" என்றார் சம்பந்தி.

பெண்ணைக் கொடுத்த இடம். வெள்ளி சார், "ரொம்ப உபகாரமுங்க" என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த துயரத்தை அவரே தேடிக்கொண்டார். காலை நடைக்குப் போகிற கூட்டம் ஒன்று தினமும் அந்த வழியாகப் போகும், தினமும் கேட்கும். ஒருநாள் அலுத்துப்போய், "சக்கரைக்கு நல்லதுங்க" என்று சொல்லிவிட்டார். பச்சைப் பொய். ஆனால் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குச் சுவருக்கு வெளியே கை எட்டுகிற உயரம்வரை ஒரு இலை இல்லை. மேலே குடை, கீழே கம்பு. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தனக்கு 240-லிருந்து 180-க்கு இறங்கிவிட்டதாக நன்றி சொல்ல வந்தார். வெள்ளி சார் பதறிப்போய், அது பொய், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "நல்லது கிடைச்சா மூடி மறைக்கிறாரு" என்று தெரு பேசிக்கொண்டது.

மூன்றாம் வருடம் மாசியில் மரம் இருந்த இலையையும் உதிர்த்தது. மொட்டையாக நின்று, ஒரு வாரத்தில் உச்சி முதல் அடிவரை மஞ்சளாகப் பூத்துத் தள்ளிவிட்டது. கொத்துக் கொத்தாகக் குழல் பூக்கள், பத்தரை மாற்றுத் தங்கம். தெருவே செல்போனோடு வந்து நின்றது. மலையாளக்காரர் ஒருவர் விஷுவரைக்கும் பூ நிற்குமா என்று விசாரித்தார். சந்தோஷப்பட வேண்டிய மனிதர், கேட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். "வெள்ளி இலையை ஒருத்தன் பார்க்கலை. இதுக்கு மட்டும் வந்துட்டாங்க."

அந்த நேரம் பார்த்து மகள் போனில் இன்னொரு குண்டைப் போட்டாள். அர்ஜென்ட்டியா பழைய பெயராம். தாவரவியல்காரர்கள் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கும் பெயர் டபெபுயா ஆரியா. லத்தீனில் ஆரியா என்றால் பொன்னிறம். எதிர் வீட்டு நகைப் பட்டறைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, "இன்னிக்கு விக்கிற விலைக்கு வெள்ளி போய்த் தங்கமானா நட்டமாங்க?" என்று ஆறுதல் சொன்னார். தகரம் மட்டும் மாறவில்லை. 350 ரூபாய் கொடுத்து எழுதியது.

பூ முடிந்து, முருங்கைக்குத் தங்கைபோல நீளக் காய்கள் தொங்கியதும் அந்த அம்மாள் கூடையோடு ஓடிவந்தார். "காய்ச்சிருச்சுங்களே!" ஒன்றை ஒடித்ததும் உள்ளேயிருந்து சிறகு முளைத்த விதைகள் பறந்து, சாம்பார் கனவோடு பக்கத்து வீட்டு மாடிக்குப் போயின.

போன மாதம் நான் போயிருந்தபோது வெள்ளி சார் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மகள் எதையோ படித்து அனுப்பியிருக்கிறாள். பிரேசிலில், பன்ட்டனால் சதுப்பு நிலப் பக்கம், இந்த மரத்தைப் பாராடூடோ என்கிறார்களாம். போர்ச்சுகீசிய மொழியில் அதற்கு அர்த்தம் 'எல்லாத்துக்கும்'. அங்கே நாட்டு வைத்தியத்துக்கு இதன் பட்டையை உரித்துக்கொண்டு போகிறார்களாம்.

"ஒண்ணுக்கும் ஆகாத மரம்னு தேடிப் பிடிச்சு வெச்சேனுங்க" என்றார். குரல் கம்மியது. "பட்டை விஷயம் வெளிய தெரிய வேண்டாம்."

மறுநாள் காலை அந்த வழியாக நடந்தேன். அடிமரத்தில் நெஞ்சு உயரத்துக்கு எட்டு முழ வேட்டி இறுக்கிச் சுற்றியிருந்தது. நடைக் கூட்டத்தில் ஒருவர் நின்று, இந்த முறை வேறு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, மரத்துக்குக் காய்ச்சலுங்களா?"

வெள்ளி சார் ஓஸ் பைப்பைக் கீழே வைத்தார்.

"ஆமாங்க. ஒட்டுவாரொட்டி. தள்ளியே நில்லுங்க."