வாங்கு அரசாங்கம்

என் கடை கிளிநொச்சியில், மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் கிட்ட இருக்கிறது. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், கடவுச்சீட்டுப் படம், போனுக்கு றீலோட், சிங்களப் படிவம் நிரப்பிக் கொடுத்தல் எல்லாம் நடக்கும். எங்கள் நாட்டில் இப்படியான கடைக்கு ‘கொமினிகேசன்’ என்று பலகை மாட்டுவது வழக்கம், நானும் மாட்டியிருக்கிறேன். வாசலில் ஒரு வாங்கு. கச்சேரி அலுவலாக வந்து களைத்துப்போகிற வயதானவர்கள் கொஞ்சம் ஆறட்டும் என்று போட்டது. இப்போது அதில் நிரந்தரமாக இருப்பவர்களுக்குக் கச்சேரியில் ஒரு அலுவலும் இல்லை, களைப்பும் இல்லை. அபிப்பிராயம் மட்டும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் ஐயா ஒருவர். உருத்திரபுரத்தில் வயல் செய்கிற பெரியப்பா ஒருவர். எனக்கு உறவில்லை, ஊருக்கே பெரியப்பா. ஓடுவதற்கு ஆளில்லாத நேரமெல்லாம் வந்து குந்துகிற ஓட்டோத் தம்பி ஒருவன். இவர்கள்தான் அமைச்சரவை. நான் சபாநாயகர். எனக்கென்று கட்சி கிடையாது, ஆனால் மெசினை ஓடவிட்டால் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. நாடாளுமன்றத்துச் சபாநாயகருக்குக்கூட இந்த வசதி இல்லை.

அமைச்சரவையின் தீராத பிரச்சினை நாங்கள் எந்த ஊர்க்காரர் என்பது. கிளிநொச்சியில் பிறந்த எவரைக் கேட்டாலும் வன்னி என்றுதான் சொல்வார். தேர்தல் திணைக்களத்தைக் கேட்டால் கதை வேறு. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்த்தி. ஆக எங்களுக்கு வியர்ப்பது வன்னியில், விரலில் மை பூசுவது யாழ்ப்பாணத்துக்காக. 2020 இல் ஏழாக இருந்த யாழ்ப்பாணத்து ஆசனங்கள் 2024 இல் ஆறாகிவிட்டன. “குறைஞ்ச அந்த ஒண்டு எங்கட” என்பது போஸ்ற்மாஸ்ரர் ஐயாவின் முடிந்த முடிவு. கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால், தபால் திணைக்களத்தில் முப்பது வருடம் இருந்தவனிடம் கணக்குக் கேட்கிறாயோ என்பார்.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் வாக்குச்சீட்டில் 39 பெயர்கள். சீட்டின் நீளம் 27 அங்குலம். “மடிச்சு மடிச்சுப் பெட்டிக்குள்ள விடுறதுக்குள்ள ஆருக்குப் போட்டனான் எண்டதே மறந்துபோச்சு” என்றார் பெரியப்பா. போதாததற்கு, முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதி வாக்கைத் தாண்ட முடியாமல் போய், இந்த நாட்டின் சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டாம் மூன்றாம் விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். அந்த விளக்கத்தை ஓட்டோத் தம்பி போனில் படம் காட்டிக் காட்டிச் சொன்னான். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முதல் விருப்பே எனக்கு ஒருத்தரிலயும் வரேல்லையடா, ரெண்டாவதுக்கு நான் எங்க போறது?” என்றார்.

தேர்தல் காலத்தில் எனக்கு வியாபாரம் கூடும் என்று சனம் நினைக்கிறது. இல்லை. வேட்பாளர் துண்டுப்பிரசுரம் அடிக்கப் பெரிய அச்சகத்துக்குப் போவார், நாலு கலரில் அடிப்பார். தோற்ற பிறகு வாக்களித்தவர்களுக்கு நன்றி சொல்லும் கடிதத்தைத்தான் என்னிடம் கறுப்பு வெள்ளையில் எடுப்பார், அதுவும் குறைவான பிரதி. ஒருவர் எத்தனை வாக்கு எடுத்திருப்பார் என்பதை முடிவு வர முன்னமே இந்த மெசின் சொல்லிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

ஒக்ரோபரில் வாசிப்பு மாதம் வரும். சனம் வாசிப்பதை விட்டுவிட்டது என்று பேச வருகிறவர்கள் தங்கள் பேச்சையும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சான்றிதழையும் என்னிடம்தான் கொப்பி எடுக்கிறார்கள். கொப்பிக் காசு வாங்குகிறவன் மறுத்துப் பேசக் கூடாது, பேசுவதில்லை. ஆனால் அவர்கள் சொல்வது சரியில்லை. வன்னிச் சனம் வாசிக்கிற அளவுக்கு இந்த நாட்டில் வேறு எவரும் வாசிப்பதில்லை. படிவங்களை வாசிக்கிறது.

2009 இல் யுத்தத்தின் கடைசியில் முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தவர்களில் கனபேர் கையில் இருந்தது ஒரு பொலித்தீன் பை. உள்ளே பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதியின் ஒரு துண்டு. நகை போனவர்கள் உண்டு, வீடு போனவர்கள் உண்டு, அதைவிடப் பெரியது போனவர்கள் உண்டு. அந்தப் பையை விட்டவர்கள் குறைவு. அந்தப் பையிலிருந்துதான் என் தொழில் பிறந்தது. இந்தியா கட்டித்தந்த ஐம்பதாயிரம் வீட்டுத் திட்டம், ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம். அதற்கு ஒரு கட்டுக் கடதாசி. 2023 இல் அஸ்வெசும உதவிப்பணம் வந்தது. அதற்கு ஒரு கட்டு. பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்தார்கள். அதற்கு இன்னும் பெரிய கட்டு.

பெயர்ப் பட்டியல் ஒட்டும் நாளில் வந்து பார்க்க வேண்டும். எந்த நாவலாசிரியருக்கும் இப்படி வாசகர் வாய்த்ததில்லை. கண்ணாடி இல்லாதவர் இரவல் கண்ணாடி போட்டு வாசிப்பார். விரலை வைத்து வரிவரியாக இறங்குவார்கள். தன் பெயரை ஒரு தரம் பார்ப்பார்கள். அயல்வீட்டுக்காரரின் பெயரை மூன்று தரம் பார்ப்பார்கள். பிறகு வாங்குக்கு வந்து விமர்சனம். “மாடிவீட்டுக்காரிக்குக் கிடைச்சிருக்கு, எனக்கில்லை” என்று ஒரு அம்மா அழாக்குறையாகச் சொன்னபோது, மேன்முறையீட்டைத் தானே எழுதித் தருவதாகப் போஸ்ற்மாஸ்ரர் ஐயா முன்வந்தார். எழுதியும் கொடுத்தார், ஆறு பக்கம். முதல் நாலு பக்கமும் இலங்கைத் தபால் சேவை எப்படிக் கெட்டது என்பது.

கொப்பி எடுக்க வருகிற தாள்களைக் கிட்ட நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். அசல் என்பது இங்கே அநேகமாக இல்லை. முதற்கொப்பியின் கொப்பி, அதன் கொப்பி என்று வருகிறது. அடையாள அட்டையில் முகம் ஒரு கறுத்த வட்டம், நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளி. அதைக் கண்ணாடியில் கவிழ்த்துவைத்து, மூடியை அமத்தி, “கொஞ்சம் வெளிச்சமாக எடு தம்பி” என்பார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் இலக்கம் மறையும்; குறைத்தால் மூக்கு மறையும். ஒரு அலுவலகத்தில், எந்த அலுவலகம் என்பது வேண்டாம், “முகம் தெளிவில்லை, ஆளையே கொண்டுவாங்கோ” என்றிருக்கிறார்கள். கொப்பி கொண்டுபோனவர்தான் அந்த ஆள்.

புத்தக வாசிப்பும் எனக்கு இதே கண்ணாடியில்தான். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. வன்னியின் தண்ணிமுறிப்புக் காடும் வயலும்தான் அதன் களம். வளாகத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று ஆய்வுக்கென்று ஒரு பழைய பிரதியைக் கொண்டுவந்து கொப்பி கேட்டது. ஒரு பக்கம் மெசினுக்குள் போய் வர எடுக்கிற நேரத்தில் நாலைந்து வரி வாசிக்கலாம். அப்படியே கதையின் உள்ளே போய்விட்டேன். சரியான இடத்தில் தாள் சிக்கிக்கொண்டது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக வாசித்தேன். இன்றைக்கும் அந்த நாவலில் அந்தப் பக்கம்தான் சிறந்தது என்பது என் இலக்கிய அபிப்பிராயம். வாங்கில் எவரும் மறுக்கவில்லை, ஏனென்றால் எவரும் வாசிக்கவில்லை.

வாங்கின் வாசிப்பு பத்திரிகை. நான் வாங்குகிற ஒன்றை மூன்றாகக் கழற்றுவார்கள். மரண அறிவித்தல் பக்கம் போஸ்ற்மாஸ்ரர் ஐயாவுக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கிளிநொச்சியில் இருந்து, ஸ்காபரோவில் காலமானவரை வைத்து அவர் பூமிசாத்திரம் படிப்பிப்பார். வயல் செய்தி பெரியப்பாவுக்கு. மிச்சம் தம்பிக்கு. பத்திரிகை முடிந்தால் கச்சான். கச்சான் சுருள் ஏதோ ஒரு பிள்ளையின் பழைய கொப்பித் தாள். தின்று முடித்ததும் விரித்து வாசிப்பார்கள். ஒருநாள் சுருளில் துட்டகைமுனு எல்லாளனோடு யுத்தத்துக்கு யானையில் ஏறிவிட்டான். அதோடு தாள் முடிந்தது. மிச்சத்தை அறிய இன்னொரு சுருள் வாங்கினார் பெரியப்பா. அது திரிகோண கணிதம்.

வியாபாரம் பற்றி இவர்களுக்குள்ள அறிவுக்கு மூவரும் கோடீஸ்வரராக இருக்க வேண்டும். யுத்தம் முடிந்து ஏ9 திறந்ததும் வீதியின் இரண்டு பக்கமும் முளைத்தவை வங்கியும் லீசிங் கம்பனியும்தான். வீட்டுக்குக் கூரை வர முன்னம் வாசலுக்கு மோட்டச்சைக்கிள் வந்தது. ஓட்டோத் தம்பியின் ஓட்டோவில் முன்சில்லு தன்னுடையது, மிச்சம் கம்பனியுடையது என்று அவனே சொல்வான். அவனுடைய வியாபாரத் தத்துவம்: ஒருவன் கொத்துக்கடை போட்டு மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் அதே வரிசையில் நாமும் ஒரு கொத்துக்கடை போட வேண்டும். ஊர் முழுக்க இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. எனக்குப் பக்கத்திலும் இரண்டு கொமினிகேசன் வந்துவிட்டன. மூன்று பேரும் ரோனர் வாங்குவது ஒரே ஆளிடம், ஒரே கடனுக்கு.

பெரியப்பாவின் வியாபாரம் நெல். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 என்று விலை அறிவித்தது. தம்பி சத்தமாக வாசித்தான். பெரியப்பா தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “விலை போட்டிருக்கு. வாங்கிற ஆளைப் போடேல்லையே” என்றார்.

இந்த இடத்தில்தான் உகண்டா வரும். எங்கள் வாங்கில் எந்தப் பேச்சும் உகண்டாவைத் தொடாமல் முடியாது. 2021 பெப்ரவரியில் ஸ்ரீலங்கன் விமான சேவையின் சரக்குப் பிரிவு உகண்டாவின் என்டெபேக்கு மூன்று பறப்பில் 102 தொன்னுக்கு மேல் அச்சடித்த தாள் கொண்டுபோனது. அதை அவர்களே பெருமையாக அறிவித்தார்கள். என்ன தாள் என்று சனம் கேட்டதும் வர்த்தக இரகசியம் என்றார்கள். போதாதா? ஆட்சியில் இருந்தவர்கள் நாட்டுக் காசை அள்ளிக்கொண்டுபோய் உகண்டாவில் வைத்துவிட்டார்கள் என்று முழு நாடும் கதைத்தது. பியகமவில் இருக்கும் டி லா ரூ தொழிற்சாலை எங்கள் ரூபாயை மட்டுமல்ல, பிறநாட்டு நோட்டுகளையும் அச்சடிக்கிறது என்று போஸ்ற்மாஸ்ரர் ஐயா விளக்கினார். அவர் சொன்னவற்றில் உருப்படியானது அது ஒன்று. அதைத்தான் எவரும் எடுக்கவில்லை. காசை அங்கே கண்டவர் இன்றுவரை ஒருவருமில்லை; அது அங்கே இல்லை என்று நம்புகிறவரும் ஊரில் குறைவு. 2024 இல் ஆட்சி மாறியதும், போன விமானம் திரும்பி வருமென்று பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மனதில் நின்றது காசில்லை, தாள். ஏ4 றீம் ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 102 தொன் என்றால் நாற்பதாயிரம் றீமுக்கு மேல்! ஒரு வருடம் கழித்து, 2022 மார்ச்சில், மேல் மாகாணத்தில் பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை வைக்கத் தாள் இல்லை. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ இரண்டும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. என் கடையில் ஒரு றீமை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மனைவியின் தாலிக்கொடிக்கும் அதே அலுமாரிதான், ஆனால் றீம் மேல்தட்டில். இரண்டு பக்கமும் எழுதிய படிவத்தைக்கூட ஓரத்தில் இடமிருக்கிறது என்று திருப்பிப் பாவித்தவர்களைக் கண்டேன். அப்போது உகண்டாவில் எவனாவது என்னைப்போல ஒருவன் புத்தம்புதுத் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைக்க வயிறு எரிந்தது.

போன கிழமை தம்பி போனில் இன்னொரு உகண்டாக் கதை பிடித்தான். 2018 ஜூலையில் அங்கே வாட்ஸ்அப், பேஸ்புக் பாவிக்கிறவர்களுக்கு நாளொன்றுக்கு 200 சிலிங் வரி போட்டார்கள். வம்பளப்பால் வருகிற கேட்டைச் சமாளிக்கக் காசு வேண்டும் என்று ஜனாதிபதி முசெவேனி நிதியமைச்சருக்கு எழுதிய பிறகு வந்த வரி. சனம் குறுக்கு வழியால் புகுந்து போக, 2021 இல் அதை எடுத்துவிட்டு டேற்றாவுக்கு 12 வீதம் போட்டார்கள்.

வாங்கு இதை இரண்டு மணித்தியாலம் ஆராய்ந்தது. அந்த நேரத்தில் யாரும் ஒரு கொப்பிகூட எடுக்கவில்லை என்பதை நான் குறிப்பிட்டேயாக வேண்டும்.

“எங்களுக்கும் போட்டால்?” என்றான் தம்பி.

“நாங்கள் கட்டி முடிச்சிட்டம்” என்றார் பெரியப்பா. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ ஓடவிட்டுத்தான் இரவில் பிபிசி தமிழோசை கேட்பது. முழு ஒழுங்கையும் கூடியிருந்து கேட்கும், சுற்றுகிறவர் பெரியப்பா. முக்கியமான செய்தியில் கை ஓய்ந்தால் அறிவிப்பாளரின் குரல் இழுபட்டு நின்றுவிடும், சனம் பேசும். “அரை மணித்தியாலச் செய்திக்கு அரை மணித்தியாலம் சுத்தினனான். உவன் விரலால தேய்ச்சுப்போட்டு அபிப்பிராயம் சொல்லுறான். எனக்கு வரி இல்லை. பழைய நிலுவையைக் கழிச்சுப்போட்டு மிச்சக் காசு தரவேணும்.”

போஸ்ற்மாஸ்ரர் ஐயா உடனே நீதியரசர் ஆனார். “தரலாம். ஆனால் சுத்தினதுக்கு அத்தாட்சி?”

“சைக்கிள் இடம்பெயரேக்க ஆனந்தபுரத்தில விட்டது.”

“அப்ப விதானையாரிட்ட ஒரு கடிதம் எடுக்கவேணும், டி.எஸ். ஒவ்வீசில சீல் குத்தவேணும்.”

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, “தம்பி, அந்தக் கடிதத்துக்கு எத்தினை கொப்பி கேப்பாங்கள்?” என்றார்.

“அசலோட ரெண்டு” என்றேன்.

“கடனுக்கு எடுப்பியோ?”