படிக்காமலே மனம் நெகிழ்வது எப்படி?

அமெரிக்காவில் பல கல்லூரிகளில் என்ஜினீயரிங் படிக்கப் போனாலும் சரி, பிசினஸ் படிக்கப் போனாலும் சரி, குடியேற்றம், அடையாளம், சிவில் உரிமை என்று ஏதாவதொரு பாடத்தில் மாட்டிக்கொள்ளாமல் பட்டம் வாங்க முடியாது. வாரத்துக்கு நாற்பது பக்கம் படிக்கக் கொடுப்பார்கள். படித்ததைப் பற்றி இரண்டு பக்கம் ‘ரெஃப்ளெக்‌ஷன்’ எழுதச் சொல்வார்கள். ஞாயிறு இரவு 11.59க்குள் அனுப்பியாக வேண்டும். இப்போது மணி பத்தேகால். நாற்பது பக்கமும் புது மெருகு குலையாமல் அப்படியே இருக்கின்றன. பதற வேண்டாம். கீழ்க்காணும் வழிமுறைகளைப் பின்பற்றினால் பத்தே முக்காலுக்குப் படுத்துவிடலாம்.

1. முதல் வரியிலேயே நெகிழ்ந்துவிடுங்கள்

“இந்த வாசிப்பு என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்தது” என்று தொடங்குங்கள். எந்தக் கட்டுரைக்கும் இது பொருந்தும்; திறந்தே பார்க்காத கட்டுரைக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். என்ன சிந்தித்தீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆண்டு, சட்டம், வழக்கு மூன்றும் ஆகாது. சீனத் தொழிலாளர் உள்ளே வரக் கூடாதென்று 1882இல் சட்டம் போட்டார்கள், அது 1943 வரை இருந்தது என்று எழுதினால், போட்டது யார், எதற்காக என்ற வம்பெல்லாம் வரும். “அக்காலக் குடியேறிகள் பல சவால்களைச் சந்தித்தனர்” என்று எழுதுங்கள். சவால் பாட்டுக்கு வழியில் நின்றது. அவர்கள் போய்ச் சந்தித்தார்கள். யார் மீதும் பழி இல்லை.

2. ரோசா பார்க்ஸைக் களைப்படையச் செய்யுங்கள்

1955 டிசம்பர் 1, மான்ட்கமரி நகரப் பேருந்து. வேலை முடிந்து கால் வலியோடு வந்த ஒரு தையல்காரப் பெண், வெள்ளையருக்கு இடம்விட எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டார், நாடு மாறிவிட்டது. இந்த அளவு போதும். அவர் ஏற்கெனவே கறுப்பின உரிமைச் சங்கமொன்றின் உள்ளூர்க் கிளைச் செயலாளர், அந்தக் கோடையில்தான் டென்னசி போய்ப் போராட்டப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், உடல் களைப்பு என்ற கதையை அவரே மறுத்தவர் என்பதெல்லாம் உருக்கத்தைக் கெடுக்கும். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே அதே ஊர்ப் பேருந்தில் எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுப் பெண்ணைக் கண்டிப்பாகத் தவிருங்கள். பேருந்துப் பாகுபாட்டை முடித்துவைத்த வழக்கில் வாதிகளில் ஒருவர் கால்வின். பார்க்ஸ் அதில் வாதியே அல்லர். 381 நாள் ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தார்கள் என்பதையும் விட்டுவிடுங்கள். கூட்டம் சேர்ந்தால் கதாநாயகி சிறுத்துவிடுவார்.

3. நடுநிலை தவறாதீர்கள்

மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் பட்டியலில் நிச்சயம் இருக்கும். அதைத் தொடாமல் அவருடைய ‘கனவு’ உரையைப் பற்றி எழுதுங்கள். அதற்குப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. கடைசியில், “கிங்கின் நோக்கம் சரிதான், ஆனால் இரு தரப்பும் இன்னும் கொஞ்சம் பொறுமை காத்திருக்கலாம்” என்று சேருங்கள். பொறுமை காக்கச் சொன்ன எட்டு வெள்ளை மதகுருக்களுக்குப் பதில் சொல்லத்தான் அந்தக் கடிதமே எழுதப்பட்டது. ஆக, உங்கள் கட்டுரைக்கும் அவரே அறுபது ஆண்டு முன்னதாகப் பதில் எழுதி வைத்துவிட்டார்.

4. நம்மவர் வந்தால் மாலை போடுங்கள்

பகத் சிங் தின்ட் பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதியுங்கள். பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை கோரலாம் என்று சட்டம் இருந்த காலம். 1922 நவம்பரில் ஒசாவா என்ற ஜப்பானியரிடம், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனம் என்றது உச்ச நீதிமன்றம். மூன்று மாதம் கழித்து, நானும் காக்கேசியன்தானே என்று வந்த தின்டிடம், அறிவியல் எதையோ சொல்லட்டும், சாமானிய மனிதன் உங்களை வெள்ளையராகக் கருதமாட்டான் என்றது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லண்ட். அவர் இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர்.

“இனவெறியை எதிர்த்த மாவீரன்” என்று எழுதி, இந்த இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது. தின்ட் தரப்பு வேலியை எடுக்கச் சொல்லவில்லை. உயர்சாதி ஆரியன் ஆகையால் நானும் வேலிக்கு உள்பக்கத்து ஆள்தான் என்று வாதாடியது. அதைச் சொன்னால் சாதியைச் சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு நூறாண்டு கழித்து, 2023 பிப்ரவரியில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் ஆனது ஏன் என்றும் சொல்ல வேண்டும். சாதியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்த குடும்பம் உங்களுடையது. எதற்கு வம்பு?

5. டிபன் பாக்ஸைத் திறங்கள்

அடையாளம் பற்றிய வாரத்துக்கு இது கைகண்ட மருந்து. அடிமைமுறை ஒழிந்தும் விடுதலை வராத கறுப்பின மக்கள், தம்மை எப்போதும் அடுத்தவர் கண்ணால் பார்க்க நேர்வதைப் பற்றி டுபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1903இல் வெளிவந்த புத்தகமொன்றில் எழுதினார். மகனைப் பறிகொடுத்த தகப்பனாக அவர் எழுதிய அத்தியாயமும் அதே புத்தகத்தில் உண்டு. நீங்கள் எழுத வேண்டியது: “ஆறாம் வகுப்பில் என் சாம்பார் சாதத்தைப் பார்த்து ஒருவன் மூக்கைப் பொத்தினான். டுபாய்ஸின் வலி எனக்கு அன்றே புரிந்தது.”

6. தாத்தாவின் எட்டு டாலர்

முடிவுரைக்குத் தாத்தாவை அழைத்து வாருங்கள். எழுபதுகளில் சட்டைப்பையில் எட்டு டாலரோடு வந்திறங்கி, உழைப்பால் மட்டுமே உயர்ந்தவர். அந்த ‘மட்டுமே’ முக்கியம். அவருடைய அப்பாவும் அதேபோல் உழைத்தவர்தான்; அவர் ஏன் வரவில்லை என்று யோசிக்காதீர்கள். 1946 முதல் இந்தியர்களுக்கென்று இருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு பேர்.

நிறத்தாலும் பிறந்த நாட்டாலும் பாகுபாடு கூடாது என்று 1964இல் உள்நாட்டுக்குச் சட்டம் வந்தது. அதன்பின், பிறந்த நாட்டைப் பார்த்து வாசலில் ஆளை நிறுத்துவதற்கு நியாயம் சொல்வது கடினமாயிற்று. 1965 மார்ச்சில் அலபாமா மாநிலச் செல்மாவில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களின் மண்டையைப் போலீஸார் உடைத்தார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பழைய நாடுவாரி ஒதுக்கீடு ஒழிந்தது. தாத்தா வந்தது அந்தக் கதவு வழியாக.

இந்த ஆறையும் பின்பற்றினால் நல்ல மதிப்பெண் உறுதி. அழுதுகொண்டிருக்கும் மாணவனுக்கு மதிப்பெண் குறைக்கும் துணிச்சல் எந்த ஆசிரியருக்கும் கிடையாது. ஒரே ஆபத்து, தவறிப்போய் நாற்பது பக்கத்தையும் படித்துவிடுவது. படித்தால், நீங்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க இடம் வாங்கித் தந்தவர்களில் உங்கள் தாத்தா மட்டுமல்ல, செல்மாவில் அடிபட்டவர்களும் உண்டு என்று தெரிந்துவிடும். பிறகு அவர்களைப் பற்றி “பல சவால்களைச் சந்தித்தனர்” என்று எழுதக் கை வராது. அந்த ஆபத்தில் துணிந்து இறங்குங்கள். 11.59க்குள் முடியாவிட்டால் ஒருநாள் அவகாசம் கேளுங்கள்; படித்துக்கொண்டிருக்கிறேன் என்று காரணம் சொன்னால் எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.