நாகலாபுரத்து ராக் பேண்டுக்குப் புரொடியூசர் ஆவது எப்படி?

நாகலாபுரத்தில் நாலு பையன்கள் ராக் பேண்ட் ஆரம்பித்துவிட்டார்கள். கிட்டார், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், பாட ஒருத்தன். கூடவே கோயில் கொடைகளுக்கு உறுமி வாசிக்கும் ஒருவர், பாடுகிறவனுக்குத் தாய்மாமன். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு: மழை தப்பிய ஐப்பசி, விலை போகாத மிளகாய் வத்தல், கரிமூட்டத்துப் புகை. உங்களிடம் லேப்டாப் இருக்கிறது, ஏசி அறை இருக்கிறது, சுவரில் முட்டை அட்டைகூட ஒட்டியாகிவிட்டது. (அது சத்தத்தைத் தடுக்காது. ஆனால் போட்டோவில் ஸ்டுடியோ மாதிரி தெரியும்.) இனி கீழ்க்கண்டபடி நடந்துகொள்ளுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

1. பாட்டைக் கேட்காதீர்கள். "எந்தப் பாட்டு மாதிரி வேணும் தம்பி?" என்று மட்டும் கேளுங்கள். 1962-ல் பீட்டில்ஸ் பையன்கள் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக் காட்டியபோது, புரொடியூசர் ஜார்ஜ் மார்ட்டின் கொஞ்சம் வேகத்தைக் கூட்டச் சொன்னார். பாட்டு எங்கேயோ போனது. ஆனால் அந்த யோசனையைச் சொல்ல முழுப் பாட்டையும் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டுமே. உங்களுக்கு இன்றைக்கு இன்னும் ரெண்டு ரெக்கார்டிங் இருக்கிறது.

2. எல்லோர் காதிலும் தாளம் தட்டுகிற கிளிக் மாட்டுங்கள். நிமிஷத்துக்கு 120. ஏன் 120 என்றால், மென்பொருளைத் திறந்ததும் அதுதான் இருந்தது. பக்கத்து ஜமீன் கோடாங்கிபட்டியில் தேவராட்டம் பார்த்திருப்பீர்கள். தேவதுந்துபி நிதானமாகத் தொடங்கும், ஆடுகிறவன் காலோடு சேர்ந்து ஏறும், கடைசியில் பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும். அந்த ஏற்றத்துக்கு மென்பொருளில் பட்டன் கிடையாது. ஆகவே அது தப்பு. பையன்கள் வேகம் ஏறினால் நிறுத்தி, "டைமிங் வரலையே" என்று சலித்துக்கொள்ளுங்கள். நாலாவது டேக்கில் அவர்களே நம்பிவிடுவார்கள்.

3. யாரையும் சேர்ந்து வாசிக்க விடாதீர்கள். திங்கள் ட்ரம்ஸ், புதன் கிட்டார், வெள்ளி பாட்டு. இதற்கு மேலான முன்மாதிரியே உண்டு: 1979-ல் ஜாய் டிவிஷனின் ட்ரம்மரை மார்ட்டின் ஹானெட் ஒவ்வொரு ட்ரம்மாகத் தனித்தனியே அடிக்க வைத்தார். அந்தக் குளிர்ந்த, வெறிச்சோடிய ஓசைதான் அவருக்கு வேண்டியிருந்தது. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல மைக்.

4. இப்போது உறுமிக்கு வாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள், கை தேர்ந்த புரொடியூசர் யாரென்று தெரிவது இந்த இடத்தில்தான்.

முதலில் அண்ணாச்சியை நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் நின்றுதான் வாசிப்பார், தோளில் வார் மாட்டியிருப்பார், பரவாயில்லை. ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்ப்பார். மறுபக்கம் மெல்லிய குச்சியால் அடிப்பார். அடிப்பது சுலபம், மைக்கில் சுத்தமாக விழும். தேய்ப்பதுதான் தகராறு. 'உர்ர்ர்' என்று அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, சுருதி வழுக்கி, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாதபடி ஓடும். திரையில் அந்த அலையைப் பார்த்தால் வெட்ட இடமே இருக்காது. எனவே தேய்ப்பு முழுவதையும் 'நாய்ஸ்' என்று பெயரிட்டு நீக்குங்கள். மிச்சமிருப்பது 'டொக், டொக்'. அதையும் கிளிக்குக்கு நேராக இழுத்து வையுங்கள்.

மாமா ஹெட்போனில் கேட்டுவிட்டு, "தம்பி, இது நான் வாசிச்சதா?" என்பார். "மிக்ஸிங்ல சரியாயிரும் அண்ணாச்சி" என்று சொல்லி டீ வரவழையுங்கள்.

5. பேஸ் கிட்டாரைக் குறையுங்கள். 1988-ல் வந்த மெட்டாலிகா ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உலகப் புகழ் பேண்டே அப்படி. பேஸ் வாசிக்கிற பந்தல்குடிக்காரப் பையன் கேட்கவா போகிறான்?

6. பாடுகிறவன் குரலில் ஊர் இருக்கும். ஆட்டோடியூன் போடுங்கள். 1997-ல் அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் நில அதிர்வலைகளை அலசிப் பூமிக்கடியில் எண்ணெய் தேட உதவியவர். அவர் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்தார்; நீங்கள் அதே கணக்கை வைத்து உள்ளே இருப்பதை மூடுங்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே அவன் இழுக்கிற இழுப்பு, வரியின் கடைசியில் குரல் லேசாக உடைவது, எல்லாம் வழித்துச் சமமாக்கப்பட வேண்டும். உச்சரிப்பையும் விடாதீர்கள். 2018-ல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்வில் தென்மா கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்தார். வடசென்னைப் பேச்சு வடசென்னைப் பேச்சாகவே இருந்தது. அது சென்னைப் பேச்சு, செல்லும். கரிசல்காட்டுப் பேச்சென்றால் 'ரீச் ஆகாது'.

7. முன்னிசையை வெட்டுங்கள். ஸ்பாடிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. ஆகவே பல்லவி ஐந்தாவது விநாடியில் வரட்டும். மழை தப்பிய கதையைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. மழைக்கே இல்லை.

8. பையன்கள் மிளகாய்ப் பழம் பறிக்கக் காட்டுக்குப் போகிற வாரம் பார்த்து வயலின் சேருங்கள். 1970-ல் ஃபில் ஸ்பெக்டர், பால் மெக்கார்ட்னியைக் கேட்காமலே அவர் பாட்டில் வயலின் கூட்டத்தையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். அவையெல்லாம் இல்லாத வடிவம் 1996-ல்தான் வெளிவந்தது. இருபத்தாறு வருஷம்! உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இருக்கிறது.

9. இப்போது பாட்டில் ஏதோ குறைகிற மாதிரி உங்களுக்கே தோன்றும். பயப்படாதீர்கள், அது மண் மணம். இணையத்தில் 'தென்னிந்திய நாட்டுப்புறத் தாளம்' என்று லூப் தொகுப்பு காசுக்குக் கிடைக்கும். வாங்கிப் போடுங்கள். அதில் ஒரு உறுமி இருக்கும். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒரு மாமா தேய்த்தது. பில்லைப் பையன்கள் கணக்கில் சேருங்கள்.

10. சத்தத்தைக் கூட்டுங்கள். இன்னும். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' இப்படி நசுங்கி வந்தபோது, மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ரசிகர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். விளாத்திகுளம் மினி பஸ்ஸில் யாரும் கையெழுத்துத் திரட்ட மாட்டார்கள். ஸ்பீக்கர் கிழிந்தால் டிரைவர் நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

11. சம்பளம். நிர்வாணாவின் 1993 ஆல்பத்தைப் பதிவுசெய்த ஸ்டீவ் ஆல்பினி, பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்கு மட்டும் கூலி போதும், ராயல்டி வேண்டாம் என்று பேண்டுக்கே கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பையன்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூலியும் வாங்குங்கள், ராயல்டியில் பாதியும் வாங்குங்கள். பாட்டின் பெயருக்கு முன்னால் உங்கள் பெயர் வரட்டும். உறுமிக்காரர் பெயரை 'மற்றும் பலர்' என்பதற்குள் அடக்கலாம்.

12. பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் கச்சேரி வைப்பார்கள். "பாட்டுல கேட்ட மாதிரியே வாசிக்கணும்" என்று விழாக் கமிட்டி கேட்கும். பையன்களால் முடியாது; அந்தப் பாட்டை அவர்கள் வாசித்ததே இல்லை. கவலை வேண்டாம். நீங்களே லேப்டாப்போடு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ட்ராக்கை ஓடவிடுங்கள். மாமாவிடம் குச்சி தோலில் படாமல் கையை மட்டும் ஆட்டச் சொல்லுங்கள். லேப்டாப்புக்குத் தனி வாடகை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கமிட்டியில் யாராவது கேட்டால், ஜெனரேட்டருக்கும் சேர்த்து அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.