பார்த்துக்குங்க!

ஓசூர் மும்மொழி ஊர். சிப்காட் பக்கத்து டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பாய்லரிலிருந்து ஆவியாகக் கிளம்பும். எல்லையோர ஊர் என்பதால் கருத்து வேற்றுமைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உதவியாளரிடம் வேலையை ஒப்படைக்கும் விஷயத்தில் மட்டும் மும்மொழி மேலாளர்களிடமும் மெய்சிலிர்க்க வைக்கும் ஒற்றுமை. தமிழர் ‘பார்த்துக்குங்க’ என்பார், கன்னடர் ‘நோட்கொள்ளி’ என்பார், தெலுங்கர் ‘சூஸ்கோண்டி’ என்பார். மூன்றிலும் முன்பாதி ‘பார்’, பின்பாதி ‘கொள்’. திராவிட மொழிக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா என்ன? எதைப் பார்ப்பது, எப்போதுக்குள், எவ்வளவு செலவில், எந்த இடத்தில் நிறுத்திக் கேட்பது என்பதெல்லாம் இந்தச் சொல்லுக்குள் கிடையாது. ‘கொள்’ என்ற பின்பாதி மட்டும் தெளிவு. கடைசியில் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது யார் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

வேறு ஊரில் இது நடந்தால் மன்னித்துவிடலாம். அசோக் லேலண்ட் லாரியும் டிவிஎஸ் வண்டியும் டைட்டன் கைக்கடிகாரமும் செய்கிற ஊரில் எப்படி மன்னிப்பது? இங்கே ஒரு சின்னப் பட்டறைக்கு ஷாஃப்ட் கடைய ஆர்டர் போனால், கூடவே டிராயிங் போகும். விட்டம் 20 மில்லிமீட்டர், கூட்டியோ குறைத்தோ 0.02 வரை போகலாம், இன்ன உலோகம், இத்தனை எண்ணம், இன்ன தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். முதல் பீஸைக் கடைந்ததும் அளந்து பார்த்து, சரி என்ற பிறகுதான் மற்றவை ஓடும். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளைப் பார்த்து யோசித்த கான்பான் அட்டை, எந்தப் பாகம், எத்தனை, எங்கே போக வேண்டும் என்பதை ஒரு கையகல அட்டையில் அடக்கிவிட்டது. அந்த ஜப்பானியத் தரப் பள்ளியின் டெமிங் விருதை 2002-ல் வாங்கியது இதே ஓசூரின் டிவிஎஸ் மோட்டார். ஆக, கீழ்த்தளத்தில் ஒரு போல்ட்டுக்குக் கிடைக்கிற மரியாதை, மாடி அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பி.ஏ.வுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வழக்கு. திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. மாடியில் நடப்பது தெரியாமல் வினையாடல்.

விளைவைப் பார்க்க ஓர் எளிய உதாரணம் போதும். ‘வெள்ளிக்கிழமை சென்னை மீட்டிங், பார்த்துக்குங்க’ என்று ஒரு மேலாளர் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் நல்லவர், ஐயா களைத்துவிடக் கூடாது என்று விமான டிக்கெட் போடுகிறார். விமானம் தேவனஹள்ளியில். ஓசூரிலிருந்து சென்னை கிழக்கே இருக்க, மேலாளர் விடியற்காலையில் அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரு முழுவதையும் ஊடுருவி, வடகோடிக்குப் போய், அங்கிருந்து பறக்க வேண்டும். அதற்குள் காரிலேயே வாலாஜா தாண்டியிருக்கலாம். திட்டு யாருக்கு? ‘கொள்’ பக்கத்துக்கு. இதையே ‘வெள்ளி காலை 11 மணிக்குக் கிண்டியில் இருக்கணும். முதல் நாள் ராத்திரி கிளம்பினாலும் சரி. 8,000 ரூபாய்க்குள்ளே நீங்களே முடிவு பண்ணுங்க, மேலே போனா மட்டும் கேளுங்க. புதன் சாயங்காலத்துக்குள்ளே எனக்கு விவரம் வேணும்’ என்று சொல்லியிருந்தால்? எழுத இரண்டு நிமிடம். டிராயிங் என்றால் அவ்வளவுதான்.

‘எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நானே செய்து முடித்துவிடுவேனே’ என்று உடனே ஒரு குரல் எழும். ஒருமுறை செய்ய வேண்டியதானால் உண்மைதான். ஆனால் பீஸைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்ஸ்சர் செய்கிற செலவை எந்தத் தொழிற்சாலையும் முதல் பீஸின் தலையில் கட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை. சென்னைப் பயணம் மாதாமாதம் வரும். இன்று எழுதிய சீட்டு அடுத்த வருடமும் உழைக்கும். ‘ஆள் என்ன மிஷினா, இப்படி அளவு போட்டுக் கட்டிவைக்க?’ என்பது இரண்டாவது குரல், கேட்க நெஞ்சை உருக்கும். ஆனால் டாலரன்ஸ் என்பது கட்டு இல்லை, சலுகை. அந்த 0.02-க்குள் டர்னர் தன் லேத்துக்கு ராஜா. அவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. அளவே இல்லாத வேலையில்தான் பீஸுக்குப் பீஸ் ‘இது சரியா சார்?’ என்று வந்து நிற்க வேண்டும். 8,000 ரூபாய் வரை அதிகாரம் கொடுத்துவிட்டு, அரை மணிக்கொரு தரம் ‘என்ன ஆச்சு?’ என்று எட்டிப் பார்க்கிறவரை எந்த டிராயிங்கும் காப்பாற்றாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. ‘நல்ல பி.ஏ. முகம் பார்த்தே புரிந்துகொள்வார்’ என்பார்கள். புரிந்துகொள்வார்தான். எழுதவே முடியாத விஷயங்களும் உண்டு: எந்த இரண்டு டைரக்டர்களை ஒரே காரில் ஏற்றக் கூடாது என்பதை எந்த மேலாளரும் தாளில் எழுத மாட்டார், எழுதவும் கூடாது. ஆனால் அந்த முகம்பார்க்கும் வித்தை பல வருட ரிஜெக்‌ஷன்களிலிருந்து பிறந்தது. அந்தக் கழிவின் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதோடு பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். கூடுதல் சம்பளத்துக்கு அவர் ஒருநாள் அத்திப்பள்ளியைத் தாண்டினால், ஐயாவின் முகமும் அவரோடு எல்லை கடந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு மிஞ்சுவது ‘பார்த்துக்குங்க’.

மனமறிந்த உதவியாளருக்கு மகாதேவ தேசாயைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 1917 முதல் 1942-ல் இறக்கும்வரை, 25 வருடம் காந்தியின் செயலாளர். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தும், திங்கட்கிழமை மௌன விரத நாட்களில் சொல்ல வேண்டியதைக் காந்தி துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொடுத்தார். வாய் மூடியிருந்தால் ‘பார்த்துக்குங்க’ சொல்ல வழியில்லை. வேலை என்ன என்று எழுதித்தான் ஆக வேண்டும். ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிக்குச் சம்பந்தி காந்தி. சம்பந்தி வீட்டு வழக்கத்தை நம்மூர் எடுத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிப்காட் மேலாளர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: வருகிற திங்கட்கிழமை ஒரு நாள், ரெவ்யூ மீட்டிங் முடிந்ததிலிருந்து சாயங்காலம் பஸ் கிளம்பும்வரை, மௌனம் இருந்து பாருங்கள். சீட்டுக் கட்டு ஸ்டோர்ஸில் இருக்கும். எடுத்துவரச் சொல்ல வேண்டுமானால் அதையும் எழுதிக் கொடுங்கள்.