பங்குனிக்கு என்ன செய்வ பேராண்டி?

எய்யா பேராண்டி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வையி. நீ காட்டுன படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பச்சை மலை, நீல வானம், வெள்ளைக் காத்தாடி, அதுக்குக் கீழ சிரிச்சிக்கிட்டு ஒரு விவசாயி. அவன் எந்த ஊருக்காரன்னுதான் தெரியல. பணகுடியில இத்தனை வருசமா குடியிருக்கேன், காத்தாடிக்குக் கீழ நின்னு பல்லைக் காட்டுன ஒருத்தனை நான் பாத்ததில்ல. நம்ம ஊருல அங்கன நிக்கது ஆடுதான். வெயிலு நகர நகரக் கம்பத்து நிழலும் நகரும், நிழலோட ஆடும் நகரும். காலையில மேக்க படுத்துக் கெடந்த கெடா சாயங்காலம் கிழக்க கெடக்கும். அதைப் பாத்தே மணி தெரிஞ்சு ஆட்டுக்காரன் சோத்துச் சட்டியைத் திறப்பான். காத்தாடியால நேரடியா சுகம் கண்ட ஜீவன் இந்த ஊருல அது ஒண்ணுதான். அதுக்கு உன் படத்துல இடமில்ல.

காத்துதான் இனி எதிர்காலம்னு சொல்லுத. நான் மறுக்கலய்யா. தோண்ட வேண்டாம், கப்பல்ல கொண்டார வேண்டாம், எரிச்ச சாம்பலைக் கொட்ட இடம் தேட வேண்டாம். ஆனா நீ எதிர்காலம்னு சொல்லுதது எங்களுக்குப் பழங்கதைல்லா! தூத்துக்குடிக்குப் பக்கத்துல முள்ளக்காட்டுல 1986லயே காத்தாடி நட்டாச்சு. அப்ப ஒரு மெசினுக்கு 55 கிலோவாட்டு. இப்ப வாரது ஒண்ணு 3,000 கிலோவாட்டுங்கானுவ. அதோட றெக்கையை ஏத்திக்கிட்டு லாரி வளைவுல திரும்புத அன்னைக்கு ரோட்டுல ஒருத்தனும் அவசரத்துக்கு ஆசுபத்திரிக்குக்கூடப் போவ முடியாது.

நம்ம பக்கம் எதுக்கு இம்புட்டுக் காத்துன்னு தெரியுமாலே? தென்மேற்குப் பருவக்காத்து மலையில முட்டி, மழையைக் கேரளத்துப் பக்கம் இறக்கிரும். பொறவு மலையில எங்க சந்து இருக்குன்னு பாத்து அது வழியாப் பாயும். பாலக்காட்டுல ஒரு சந்து, செங்கோட்டையில ஒண்ணு, நம்ம ஆரல்வாய்மொழியில ஒண்ணு. அகலத்துல வந்தது சந்துல நெருக்குண்டு, வேகம் கூடி, முப்பந்தல்ல வந்து விழும். நாகர்கோவில் ரோட்டுல போற லாரிக்காரன் முப்பந்தல் இசக்கியம்மனுக்குக் காணிக்கை போடாம தாண்ட மாட்டான். காத்தாடி நட வந்த கோயமுத்தூரு முதலாளியளும் கும்பிட்டுட்டுத்தான் குழி தோண்டுனாவ. மழை கேரளத்துக்கு, காத்து நமக்குன்னு பங்கு பிரிச்சது அந்த மலை. கோர்ட்டுக்குப் போயும் பிரயோசனமில்ல.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாவ. அம்மி பறந்து நான் பாத்ததில்ல. ஓட்டுக்கூரை பறந்திருக்கு, கல்யாணப் பந்தல் பறந்திருக்கு, கட்சிக்காரன் பேனரு பறந்து கருவேல மரத்துல தொங்கியிருக்கு. அப்படி வீசுற காத்தை ஒரு சொட்டு விடாம பிடிச்சிரலாம்னு நேத்து ராத்திரி சொன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துது. ஆல்பர்ட் பெட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரரு 1920 வாக்குலயே கணக்குப் போட்டு வச்சிட்டாரு. எந்த மெசினு வச்சாலும் காத்துல இருக்க பலத்துல நூத்துக்கு 59க்கு மேல எடுக்க முடியாது. குத்தாலத்துல பாத்திருப்பல்லா? அருவிக்கடியில குளிச்சவன் நகந்தாத்தான் அடுத்தவன் உள்ள வர முடியும். றெக்கையைத் தாண்டுன காத்துக்கு அப்பால போறதுக்குக் கொஞ்சம் தெம்பை மிச்சம் விடணும். எல்லாத்தையும் உருவிட்டா அது அங்கனயே நின்னுரும், பின்னால வாரதுக்கு வழி கெடைக்காது. காலேஜுல இதைச் சொல்லித் தந்தாவளா, இல்ல பீஸை மட்டும் வாங்கிட்டு அனுப்பிட்டாவளா?

இன்னொரு கணக்கும் இருக்கு. காத்து ரெண்டு மடங்கு வேகமா அடிச்சா கரண்டு ரெண்டு மடங்கு வராது, எட்டு மடங்கு வரும். கேக்க சந்தோசமா இருக்குல்லா? அதையே திருப்பிப் போடு. வேகம் பாதியானா கரண்டு எட்டுல ஒரு பங்கா இறங்கிரும். சரி, அளவுக்கு மீறி அடிச்சா அள்ளிரலாம்னு பாக்கியா? நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டுனா மெசினு தன்னைத்தானே நிறுத்திக்கிடும். நம்ம மேக்காத்து வைகாசியில கிளம்பி புரட்டாசில ஓயும். அதுக்குள்ள ஒரே நாளுல 10 கோடி யூனிட்டுக்கு மேல தந்த நாளெல்லாம் உண்டு. பொறவு கார்த்திகை, மார்கழியில போயி அதே காத்தாடியைப் பாரு. ஒண்ணு சுத்தும், நாலு வேடிக்கை பாக்கும். தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டைத் தாண்டி நட்டாச்சுன்னு மேடையில சொல்லுதாவ. வருசம் முழுக்கச் சேத்துப் பாத்தா அதுல நாலுல ஒரு பங்கு தேறுனாலே பெரிய காரியம்னு மேடையில யாரு சொல்லுதா?

2012 ஞாபகம் இருக்கா? உனக்கு எங்க இருக்கும், மெட்ராசுல இருந்த. இங்க தலைக்கு மேல காத்தாடி, வீட்டுக்குள்ள சிம்னி விளக்கு. காத்து அடிக்கும் மட்டும் ஒரு மாதிரி சமாளிச்சாவ. ஐப்பசி பொறந்து காத்து நின்னதும் பாதி நாளைக்கு மேல கரண்டு கட்டு. உன் ஆச்சி ஆட்டுக்கல்லைத் தேடி எடுத்துக் கழுவுனா. இன்னொரு வேடிக்கையும் கேளு. காத்து நல்லா அடிக்கும்போது, லைன்ல இடமில்ல, நிறுத்துன்னு சொன்ன காலமும் உண்டு. பேக்டவுனாம் அதுக்குப் பேரு. ஆடி மாசம் அடிக்க காத்துல, சும்மா நின்ன காத்தாடியளைப் பாத்து எங்க ஊரு வாத்தியாரு, பாவம் லீவு போட்டிருக்கும்னாரு.

இதெல்லாம் எதனால தெரியுமா? நட்டவன் காத்தைப் பாத்து நடல, காலண்டரைப் பாத்து நட்டான். 90கள்ல காத்தாடிக்குப் போட்ட பணம் முழுசையும் முதல் வருசமே தேய்மானம்னு கழிச்சு வருமான வரியைக் குறைச்சிக்கிடலாம்னு சட்டம் இருந்துது. மில்லு முதலாளி என்ன செய்வான்? மார்ச் 31க்குள்ள றெக்கை சுத்திரணும். பொறவு அது சுத்துதா, மொனங்குதாங்கிறது ரெண்டாம் பட்சம். அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் செஞ்சிருப்பேன். ஆனா ஒண்ணு, நல்ல காத்து விழுகிற இடத்தையெல்லாம் அன்னைக்கு அந்தக் குட்டை மெசினு பிடிச்சிக்கிட்டு. 225, 250 கிலோவாட்டு, கம்பமும் பெரிய உசரமில்ல. மேல போகப் போகக் காத்து வேகம் கூடும், இதுக கீழயே நின்னு தடவிக்கிட்டு இருக்கு. அந்தப் பத்துப் பன்னெண்டு மெசினு செய்யித வேலையை இப்பத்த ஒண்ணு செஞ்சிரும். பழசைக் கழட்டிப் புதுசு மாட்டுங்கன்னு 2024ல அரசாங்கம் ஒரு கொள்கையே கொண்டாந்துது. ஆனா பத்துக் காத்தாடிக்கும் பத்து முதலாளி. யாரு எடத்துல நடுறது, யாருக்கு எத்தனை யூனிட்டு, பழைய இரும்பு யாருக்கு? நம்ம மேலத்தெருவுல ஒத்தக் கெணத்துக்கு மூணு தலைமுறையா கேசு நடக்குது, இது மட்டும் பட்டுனு முடியுமாக்கும்?

பேங்குல போட்டு வைக்கலாம் தாத்தான்னு நீ சொல்லுதது காதுல விழுது. பழைய காத்தாடிக்காரவ ஆடியில மிஞ்சுத யூனிட்டைக் கணக்குல வச்சிட்டு, காத்தில்லாத மாசத்துல வாங்கிக்கிட ஒரு ஏற்பாடு உண்டுதான். ஆனா அந்த பேங்குல பொட்டகமே கிடையாதுலே. ஆடியில குடுத்ததை ஆடியிலயே எவனோ மோட்டாரு போட்டுத் தீத்துட்டான். பங்குனியில உனக்குத் திரும்பித் தாரது நிலக்கரியில எரிச்ச யூனிட்டு. நோட்டுலதான் அது காத்து.

நிசமான பொட்டகம் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, யாரும் பேசுறதில்ல. ஆனமலைப் பக்கம் காடம்பாறையில. கரண்டு மிஞ்சும்போது கீழ இருந்து தண்ணியை மேல ஏத்தி அணையில போட்டுக்கிடுவாவ, தேவைப்படும்போது திறந்து விட்டுக் கரண்டு எடுப்பாவ. மொத்தம் 400 மெகாவாட்டு, 1987லயே ஓட ஆரம்பிச்சிட்டு. ஏத்துனதுல நூத்துக்கு எழுபத்தஞ்சு எம்பதுதான் திரும்பி வரும், அது வட்டிக்கடைக்காரன் கழிவைவிட மோசமில்ல. அதுக்கப்புறம் குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு இன்னொண்ணு கட்ட ஆரம்பிச்சு, ஆரம்பிச்சு, ஆரம்பிச்சுக்கிட்டே இருக்காவ. இந்த வேகத்துல உன் பேரன் வந்து ரிப்பன் வெட்டுவான்.

டென்மார்க்கைப் பாருன்ன. பாத்தேன். அவன் பாதிக்கு மேல காத்துல ஓட்டுதான், நிசம். ஆனா காத்து மிஞ்சுனா கடலுக்கடியில கேபிள் வழியா நார்வேக்கு வித்துருவான். நார்வேக்காரன் அன்னைக்குத் தன் அணைத் தண்ணியைத் திறக்காம மிச்சம் பிடிப்பான். காத்து இல்லாத அன்னைக்கு அந்தத் தண்ணிக் கரண்டு டென்மார்க்குக்கு வரும். காத்தாடியை மட்டும் படம் பிடிச்சிட்டு வந்த, அந்தக் கேபிளை ஏன் பிடிக்கல? தண்ணிக்குள்ள கெடக்குன்னா?

அதனால உங்க ஆபீசுல போயி இப்படிச் சொல்லு. நடுறதுக்குப் புது எடம் தேடுத ஆளுல பாதிப் பேரை லைன் இழுக்க அனுப்பு, மீதிப் பேரைத் தண்ணி ஏத்துத வேலைக்கு அனுப்பு. பழைய காத்தாடி முதலாளியளை ஒரு மண்டபத்துல உக்கார வச்சிப் பேசு. சாப்பாடு நல்லாப் போடு, இல்லன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவாவ. தை, மாசி, பங்குனியில எத்தனை யூனிட்டு வரும்னு உன் படத்துல ஒரு பக்கம் சேரு. அந்தப் பக்கத்தை முதல்ல காட்டு.

இன்னும் என்ன, கடலுக்குள்ள நடலாம்னா? அங்க காத்துக்குக் குறைவில்லதான். குஜராத்துக்கும் நமக்கும் ஆளுக்கு 500 மெகாவாட்டுன்னு 2024ல டெல்லியில 7,453 கோடி ஒதுக்குனதும் பேப்பருல வந்துது. டென்மார்க்காரன் 1991ல கடல்ல நட்டதை 2017லயே கழட்டியும் எடுத்துட்டான், நாம இன்னும் எடம்தான் பாத்துக்கிட்டிருக்கோம். நல்லா நடு. ஆனா முதல்ல கூத்தங்குழிக்குப் போயி, இந்த எடத்துல வலை போடாதீங்கன்னு வள்ளக்காரங்ககிட்ட ஒருதரம் சொல்லிப் பாரு. பஸ்ஸு காசு நான் தாரேன். திரும்பி வாரதுக்கு நீ பாத்துக்கோ.