முள் திருப்பும் மகானுபாவர்

முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கண்ணாடியைப் பார்ப்பது உலக வழக்கம். நம்மவரோ கண்ணாடிக்கு மேலே, பவுடர் டப்பாவுக்கும் பிள்ளையார் படத்துக்கும் இடையே குந்தியிருக்கும் வானொலிப் பெட்டியை அண்ணாந்து பார்த்து, குதிக்காலை உயர்த்தி, கையை நீட்டி, அதன் குமிழை இரண்டு விரல்களால் பற்றி, அதுவரை பாடிக்கொண்டிருந்த பாட்டை அநுபல்லவியிலேயே துண்டித்துவிட்டு, வேறோர் அலைவரிசையில் முள்ளைக் கொண்டுபோய் நிறுத்திய பிற்பாடுதான் நாற்காலியில் அமருவார். "ஏண்ணே, நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்திச்சி?" என்று சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக முறையிட்டால், "நல்லாவா? அங்க காலையில செஞ்ச பொடியன் போன கெழமையே கழண்டுட்டான், தெரியாதா? இப்ப இருக்கிறது புதுசு. எழுத்துக் கூட்டி வாசிக்குது" என்று பதில் வரும், அதற்குமேல் வழக்காடினால் கிருதா கோணலாகும் என்பதை அநுபவத்தில் உணர்ந்த சலூன்காரர் மௌனமாகிவிடுவார்.

இந்தக் கைங்கரியம் சலூனோடு நிற்பதாயிருந்தால் நானும் சடை வளர்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். மட்டக்குளிச் சந்தி தொடங்கிக் காக்கைத்தீவுக் கடற்கரை வரையில் எங்கெங்கே ஒரு வானொலிப் பெட்டி வாய் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் தமக்கு ஓர் உத்தியோகக் கடமை இருப்பதாக அவர் கருதுகிறபடியால், பிளேன்டீ குடிக்கப் போன கடையிலும், மாலு பணிஸ் வாங்கப் போன பேக்கரியிலும், கல்யாண வீட்டில் சமையற்காரர் வெங்காயம் உரிக்கும் அலுப்புத் தீர்வதற்காகக் கொண்டுவந்து வைத்திருக்கும் சிறு பெட்டியிலுங்கூட அவருடைய விரல் பதியாமல் இராது. நாடி பார்க்கும் வைத்தியரைப் போலக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு குமிழைத் திருகுவார். இரைச்சல் வரும், ஒரு பெண் குரல் எட்டிப் பார்த்து மறையும், கிரிக்கெட் வர்ணனையில் ஒருவர் ஆட்டமிழந்த செய்தி பாதி வரும், யார் என்பது வருவதற்குள் போய்விடும். கடைசியில் தமக்கு உகந்த இடம் அகப்பட்டதும் "ம்" என்று ஒரு சப்தம் செய்வார். அந்த "ம்" பிறந்த கணத்திலிருந்து பெட்டியின் சொந்தக்காரனுக்குப் பெட்டியில் பாத்தியதை இல்லை.

முச்சக்கரவண்டியில் ஏறினாலும் அதே கதைதான். பின் ஆசனத்தில் இருந்தபடியே சாரதியின் தோளுக்கு மேலாகக் கையைச் செலுத்தி, அவன் பிரேக் போடுகிறானா குழியைத் தவிர்க்கிறானா என்ற விசாரமே இல்லாமல் தம் திருப்பணியை நிறைவேற்றுவார். சாரதி ஒரு சிங்கள இளைஞனாக வாய்த்த சந்தர்ப்பமொன்றில், தமிழ்ப் பாட்டுக்கு இருபது ரூபா மேலதிகம் என்று சொல்லி அவன் கறாராக வாங்கிக்கொண்டான் என்பது முகத்துவாரம் வரைக்கும் பரவியிருக்கும் செய்தி. 155ஆம் இலக்க பஸ்ஸில் மட்டும் அவருடைய பராக்கிரமம் செல்லுபடியாகாது. வானொலி சாரதியின் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருக்க, ஏதோவொரு சிங்கள அலைவரிசை கூரை அதிர முழங்க, இவர் இரண்டு கைகளையும் மடியில் அடக்கி வைத்துக்கொண்டு மட்டக்குளி வந்து சேரும் மட்டும் பரிதாபமாக உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கண்டவர்கள் பாக்கியசாலிகள்.

முள்ளே இல்லாமல் இலக்கங்கள் மாத்திரம் ஒளிரும் புதுப் பெட்டிகள் வந்தபோது அவருடைய கொட்டம் அடங்கிவிடும் என்று நாங்கள் சிலர் அந்தரங்கமாக மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அலைவரிசை அதிலேயே பதிந்துவிடும் என்ற பரம இரகசியத்தை எந்தப் பேரப்பிள்ளை உபதேசித்ததோ, அறியேன். அதன் பயனாக, பக்கத்து வீட்டு வானில் இன்று ஒன்றாம் பொத்தானை அழுத்தினாலும் அவருடைய நிலையந்தான், மூன்றாம் பொத்தானை அழுத்தினாலும் அதுதான், ஆறாவதிலும் அதுவேதான். வான் சொந்தக்காரர் பெட்டி பழுதென்று எண்ணித் திருத்துகிறவனிடம் கொண்டுபோய்ப் பணமும் கொடுத்துவிட்டு வந்தார்.

இவ்வளவு சிரமத்துக்கும் மூலகாரணம் நிகழ்ச்சி மாற்றம் என்ற வியாதி. காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவேதான் சமையலறையும் பள்ளிக்கூட வானும் கந்தோருக்குப் போகிறவனும் காதைத் திறந்து வைத்திருப்பதால், விளம்பரக்காரன் பணப்பையை அவிழ்ப்பதும் அந்த வேளையில்தான். ஆகவே ஒரு நிலையத்தார் இன்னொரு நிலையத்தின் காலைக் குரலைச் சம்பளம் கூட்டிக் கவர்ந்துகொண்டார்களாயின், அங்கே விழுந்த துவாரத்தை அடைக்க மாலைக் குரல் காலைக்கு ஏறும். இரவுக் குரல் மாலைக்கு ஏறும். இரவுக்கு, இன்னமும் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிடும் ஒரு பயிற்சிப் பிள்ளையை இருத்திவிடுவார்கள். நேயர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. வெள்ளிக்கிழமை "மீண்டும் சந்திப்போம்" என்றவர் திங்கட்கிழமை வேறொரு முகவரியில் "வணக்கம்" சொல்லிக்கொண்டிருப்பார். நம்மவருடைய விசுவாசம் நிலையத்தோடு ஒட்டியதன்று, குரலோடு ஒட்டியது. குரல் போகிற இடத்துக்கு அவர் தாமும் குடிபெயர்வதோடு, ஊரையும் மூட்டை முடிச்சோடு அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறார். அறிவிப்பாளர் ஏ.ஆர்.வி. லோஷன் சக்தி எஃப்.எம். நிலையத்திலிருந்து சூரியனுக்கும், 2008இல் வெற்றிக்கும், பிற்பாடு மறுபடியும் சூரியனுக்குமாக இடம் மாறிய காலத்தில் எங்கள் தெருவிலுள்ள குமிழ்கள் தேய்ந்த தேய்வு கொஞ்சமன்று.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அவர் வெகு பிரயாசையோடு திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்திலும் அநேகமாக அதே பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கும். போட்டி மிகுந்த நிலையங்கள் ஒன்றையொன்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறபடியால், ஒருவர் இராசிபலன் தொடங்கினால் மற்றவரும் தொடங்குவார். ஒருவர் நேயரைத் தொலைபேசியில் அழைத்துக் கேலி செய்து சிரித்தால் மற்றவருடைய சிரிப்பு இன்னும் இரண்டு விநாடி நீளும். ஒருமுறை தேநீர்க் கடையில் அவர் முள்ளைத் திருப்பியபோது, இங்கே பல்லவியில் விட்ட பாட்டை அங்கே சரணத்தில் பிடித்தோம். கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், "பாட்டு மாறலியே ஐயா" என்றார். நம்மவர் அசையவில்லை. "பாட்டு அதேதான். ஆனா இங்க அதப் போட்டவன் யாரு, அங்க போட்டவன் யாரு? அதில்ல விசயம்" என்று சொல்லிப் பிளேன்டீயை ஆற்றத் தொடங்கினார். கடையில் இருந்த அத்தனை பேரும் அந்த நியாயத்தை ஆராய்ந்து பார்த்துத் தோற்றுப்போனோம்.

சரித்திரம் பேசத் தொடங்கினாரானால் சொல்லவே வேண்டியதில்லை. 1950இல் இலங்கை வானொலியில் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பித்ததையும், எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் கடல் தாண்டிப் போனதையும், 1952இல் இந்திய மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைக்கப் போக, பாரத தேசமே இலங்கையின் பக்கம் முள்ளைத் திருப்பியதையும் (இந்த இடத்தில் தம் விரல்களையும் ஒருமுறை திருப்பிக் காட்டுவார்), வேறு வழியில்லாமல் 1957 அக்டோபரில் அவர்கள் விவித பாரதியைத் தொடங்கியதையும் ஒன்று விடாமல் வருணித்து, "நாங்க அவங்கள என்ன பாடு படுத்தினோம் தெரியுமா?" என்று முடிப்பார். இந்த "நாங்க" என்பதில் தாமும் அடக்கம். விவித பாரதி பிறந்த வருஷத்திலேதான் அவரும் பிறந்தார் என்பதும், முன்சொன்ன யுத்தம் முழுவதும் அவர் ஜனனத்துக்கு முன்பே நடந்தேறிவிட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் வானொலி நிலையத்தின் வாசற்படியை மிதித்தாரா என்பதுதான் தெரியாது. கே.எஸ். ராஜாவின் வேகத்தில் பேசிக் காட்டுவதும், இளம் அறிவிப்பாளர்களின் ழகர ளகரங்களுக்கு மதிப்பெண் போடுவதும், "பாட்டுக்குப் பாட்டு" நடத்திய அப்துல் ஹமீத்தின் உச்சரிப்பைக் கேட்டுத்தான் தாம் தமிழ் கற்றதாகச் சாதிப்பதும் உபரியான சங்கதிகள்.

ஆனால் அவருடைய குருக்ஷேத்திரம் 1998. அந்த ஜூலையில் சூரியன் எஃப்.எம். எழுந்தது, நவம்பரில் சக்தி எஃப்.எம். வந்தது. எஃப்.எம். 99 என்றொன்று அதற்கு முன்னமே இருந்ததை அவர் மறுப்பதில்லை. முகவுரை என்று ஒதுக்கிவிடுவார். அரசாங்க வானொலி ஒன்றையே கேட்டுப் பழகிய வீட்டில் இரண்டாவது பெட்டி ஒன்று அவ்வருஷந்தான் வாங்கப்பட்டது. ஒன்று சூரியனுக்கு, ஒன்று சக்திக்கு. இரண்டையும் ஒரே ஜன்னலில் வைத்து ஒரே வேளையில் கேட்டார். வெள்ளவத்தையில் இருக்கும் மைத்துனர் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டபடியால் தீபாவளிப் பலகாரம் கூட அவ்வீட்டிலிருந்து இவ்வீட்டுக்கு வராமல் நின்றுபோயிற்று. இத்தனைக்கும் எந்தக் கட்சியில் யார் இருந்தார்கள் என்பதை இப்பொழுது கேட்டால் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2007 அக்டோபரில், பொய்யான செய்தி ஒன்றை ஒலிபரப்பியதாகக் கூறி, ஏ.பி.சி. நிறுவனத்தின் உரிமத்தை அரசாங்கம் இரத்துச் செய்தபோது, சூரியனோடு சேர்த்து அந்நிறுவனத்தின் ஐந்து நிலையங்களும் ஊமையாயின. மற்ற எல்லாரும் வேறு நிலையம் தேடிப் போய்விட்டார்கள். முள்ளைத் திருப்புவதற்கென்றே அவதரித்த மனிதர் மட்டும் அந்நாட்களில் திருப்பவில்லை. வெறும் "ஸ்" என்ற இரைச்சல் வந்துகொண்டிருந்த இடத்திலேயே தம் பெட்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, வேலைக்குப் புறப்படும் முன் சிறிது நேரம் அதைக் கேட்டுவிட்டுப் போவார். "வந்திரும்" என்பார். வீட்டம்மா தலைவலி என்று நிறுத்தினால், மறுபடியும் போய்ப் போடுவார். சீதேவிகள் சம்பளம் வாங்கிக்கொண்டு இடம் மாறுகிற தொழிலில் இப்படி ஒருவர் சம்பளமில்லாமல் காத்துக்கொண்டு இருந்தாரே என்று அப்பொழுது எனக்கும் ஒருவிதமான மரியாதை பிறந்தது.

அந்த மரியாதையை அவர் நீடிக்க விடவில்லை. எங்கள் வீட்டில் என் பெரியம்மா இருக்கிறார். அவருக்குச் சூரியனும் வேண்டாம், சக்தியும் வேண்டாம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் மரண அறிவித்தல் ஒன்று போதும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சிதறிக் கிடக்கும் உறவினர்களில் யார் போனார், கிரியை எந்நேரம், எந்த மயானம் என்பதை அந்த ஒலிபரப்பைக் கொண்டே அவர் அறிந்து, வேண்டியபடி முழுகிக்கொள்வதும் பஸ்ஸுக்கு ஆள் அனுப்புவதும் செய்து வருகிறார். ஒருநாள் அறிவித்தல் நடந்துகொண்டிருந்த வேளையில் நம்மவர் பேப்பர் இரவல் கேட்க வந்தார். "என்ன அக்கா, வீட்டுல இதையா போட்டு வச்சிருக்கிறீங்க, மங்களமா ஏதாவது கேளுங்களேன்" என்றார். கை நீண்டது. "ம்" என்றார். பெரியம்மாவுக்குக் காலும் முடியாது, குமிழும் எட்டாது. அவருடைய ஒன்றுவிட்ட தமையனார் காலமான செய்தி அந்தியேட்டிக் கார்டு தபாலில் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரியம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறார். சிரிக்கச் சிரிக்க எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறர் வீட்டுப் பெட்டியில் கை வைப்பது அயோக்கியத்தனம். அதற்கு ரசனை என்றும் விசுவாசம் என்றும் பெயர் சூட்டினாலும் அது அயோக்கியத்தனந்தான்.

விஷயத்தை அவரிடம் சொன்னேன். உண்மையாகவே கலங்கிப் போனார். பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்து, இறந்தவர் யார், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தார். விசாரித்து முடிந்ததும், அந்த அறிவித்தலை வாசித்தது ஆண் குரலா பெண் குரலா என்று கேட்டார். பெண் குரல் என்றார் பெரியம்மா. "அதானே பாத்தேன்! அந்தப் பிள்ளை நல்லா வாசிக்கும். அவவ மாத்தப் போறாங்களாம் அக்கா" என்று தாழ்ந்த குரலில் தகவல் கொடுத்தார். அழுதுகொண்டிருந்த பெரியம்மா, "ஐயோ, எங்க?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவரும் அரை மணி நேரம் அதைப் பற்றியே சம்பாஷித்தார்கள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறார். பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மரண அறிவித்தலைப் பயபக்தியோடு கேட்பதும், அது முடிந்த மாத்திரத்தில் முள்ளைத் திருப்புவதும், போகும்போது திருப்பிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போவதும் நடைமுறையாகிவிட்டன. மறுநாள் அறிவித்தலுக்கு முன்னால் நான்தான் பழைய இடத்தைத் தேடிப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்குப் பற்றரி வாங்கிப் போடுகிறவனும் நான்தான். அது என்ன விலை விற்கிறது என்று அவர் ஒருநாளாவது விசாரித்ததில்லை.